உப்பரிகையில் நின்றவன்

'டேவிட் அண்ட் பாத்ஷீபா' படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது. கோடை விடுமுறைக்கு நாகர்கோவிலில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வாடகைக்கு எடுத்துவந்த கேசட்டுகளில் 'வேதாகமப் படம்' என்று சொன்னால் மட்டும் அவர் வீட்டில் தடையில்லை. அப்படித்தான் 1951இல் ஹென்றி கிங் இயக்கிய அந்தப் படம் எங்கள் வரவேற்பறைக்குள் வந்தது. தாவீதாக கிரிகரி பெக், பத்சேபாளாக சூசன் ஹேவர்ட்.

கதை எனக்குத் தெரிந்ததுதான். ஓய்வுநாள் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுத்த அக்கா, தாவீது செய்தது பெரிய பாவம் என்று சொல்லிவிட்டு, பெண்பிள்ளைகள் பக்கம் திரும்பி, குளிக்கிற இடத்தில் எப்போதும் கவனமாக இருக்க வேண்டும் என்று முடித்தார். ஆகவே பத்சேபாள் என்றால் எனக்குக் கதவைச் சாத்த மறந்த பெண். படத்தில் வந்தவள் அப்படி இல்லை. அவள் பேசினாள். ராஜா மாலை வேளையில் தனியாக உலாவுவதைத் தான் முன்பே பார்த்து வந்ததாகவும், அன்று அவன் அங்கே வருவான் என்று தெரிந்தே இருந்ததாகவும் அவனிடமே சொன்னாள். அவனுக்குப் பிடித்த பெண்ணாகத் தான் இருக்கக்கூடும் என்று ஆசைப்பட்டதையும் சொன்னாள். எனக்குப் பெரிய நிம்மதி. கவனக்குறைவான பெண்ணைவிடக் காதலிக்கிற பெண் எவ்வளவோ மேல்.

பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிட்டா, வரமாட்டேன்னு சொல்ல முடியுமா மக்ளே?" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "அவளே சொல்லிட்டாளே பெரியம்மா, அவளுக்கும் இஷ்டம்தான்னு."

"சொன்னா. அதுக்கு முன்னால என்ன சொன்னான்னு கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை. கேட்க முப்பது வருடம் ஆயிற்று.

முதலில் மூலக்கதை. சாமுவேலின் இரண்டாம் புத்தகம் பதினோராம் அதிகாரத்தில் இது சில வசனங்களில் முடிந்துவிடுகிறது. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலம். தாவீது படையை அனுப்பிவிட்டு எருசலேமில் தங்கிவிடுகிறான். சாயங்காலம் எழுந்து அரண்மனை உப்பரிகையில் உலாவுகிறான். அங்கிருந்து ஒரு பெண் குளிப்பதைப் பார்க்கிறான். அவள் யாரென்று விசாரிக்கிறான். எலியாமின் மகள், ஏத்தியனாகிய உரியாவின் மனைவி என்று பதில் வருகிறது. அதன் பிறகும் ஆள் அனுப்பி அழைப்பிக்கிறான். அவள் வருகிறாள், அவன் அவளோடு படுக்கிறான், அவள் வீடு திரும்புகிறாள்.

உப்பரிகையில் இருந்தது அவன் என்று மூலம் தெளிவாகச் சொல்கிறது. அவள் எங்கே குளித்தாள் என்று சொல்லவே இல்லை. அவள் மாதவிலக்குத் தீட்டு நீங்கக் குளித்தாள் என்று ஒரு குறிப்பு வருகிறது. அது அவளுடைய நடத்தையைப் பற்றிய குறிப்பல்ல. பிறக்கப்போகும் குழந்தை உரியாவுடையதாக இருக்க முடியாது என்று காட்டும் குறிப்பு. அழைத்துவரப் போனவர்கள் ஒருவருக்கு மேற்பட்டவர்கள். அந்த அதிகாரம் முழுவதிலும் பத்சேபாள் பேசுவது எபிரெய மொழியில் இரண்டே சொற்கள்: தான் கர்ப்பமாக இருக்கும் செய்தி. அதையும் ஆள் மூலமாகவே சொல்லியனுப்புகிறாள். அவள் விரும்பினாளா, பயந்தாளா, அழுதாளா என்று எழுதியவர் எதுவும் சொல்லவில்லை. உரியா யுத்தத்தில் சாகும்படி ஏற்பாடு செய்யும் கடிதத்தை உரியாவின் கையிலேயே தாவீது கொடுத்தனுப்பியதுவரை சொல்லத் தெரிந்தவருக்கு, இது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

இந்த மௌனத்தைப் பிறகு வந்தவர்கள் அவரவர் தேவைக்கு நிரப்பினார்கள். யூதர்களின் தல்மூதில் ஒரு கதை: பத்சேபாள் ஒரு மறைப்புக்குப் பின்னால் தலைகுளித்துக்கொண்டிருக்கிறாள். சாத்தான் பறவை வடிவில் வருகிறான். தாவீது எய்த அம்பு பட்டு மறைப்பு உடைந்துவிடுகிறது. அவள் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தாள் என்று அந்த ரபீக்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் பழியைத் தாவீதின் மேல் போடாமல் பறவையின் மேல் போட்டார்கள். 1654இல் ரெம்பிராண்ட் தீட்டிய பத்சேபாள் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். அவள் கையில் ஒரு கடிதம் இருக்கிறது. வேதாகமத்தில் அவளுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. அந்தக் கடிதத்தால் அவளுக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. அவள் முகத்தில் ஆசை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பதில் ஏற்கெனவே முடிவாகிவிட்ட கேள்வியைப் படிக்கிற முகம் அது.

1951இன் படம் காதலால் நிரப்பியது. அதற்குக் காரணங்கள் இருந்தன. ஹாலிவுட்டில் அப்போது தணிக்கை விதிகள் கடுமையாக அமலில் இருந்தன. கூடா உறவைக் காட்டலாம், ஆனால் அதைக் கவர்ச்சியாகவோ நியாயமாகவோ காட்டக் கூடாது. கிரிகரி பெக் போன்ற நாயகன் ஒரு பெண்ணைப் பலவந்தம் செய்தவனாக இருக்கவும் முடியாது. எனவே உரியா மனைவியைப் பொருட்படுத்தாத, போரைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாத கணவனாகிறான். பத்சேபாள் கல்யாணமாகியும் தனிமையில் இருப்பவளாகிறாள். இருவரும் காதலிக்கிறார்கள். பிறகு தண்டிக்கப்படுகிறார்கள்.

பெரியம்மா சொன்ன 'அதுக்கு முன்னால' எது என்று இரண்டாம் முறை பார்த்தபோது தெரிந்தது. தாவீது அவளை அரண்மனைக்கு உணவுக்கு வரவழைக்கிறான். பேசுகிறான், நெருங்குகிறான். அவளுடைய முதல் பதில் காதல் அல்ல. நீங்கள் ராஜா, ஆள் அனுப்பினீர்கள், உங்கள் விருப்பத்தைத் தெரிவித்துவிட்டீர்கள், நான் வேறென்ன பதில் சொல்ல முடியும் என்கிற பொருளில் பேசுகிறாள். தாவீது புண்பட்டுப்போகிறான். தான் எதையும் பலவந்தமாக எடுத்துக்கொள்பவன் இல்லை என்று கோபப்பட்டு, அவளைப் போகச் சொல்கிறான். அதன் பிறகுதான் அவள் தன் ஆசையைச் சொல்கிறாள்.

திரைக்கதை எழுதிய பிலிப் டன்னுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. போக அனுமதி கிடைக்காத பெண்ணின் சம்மதம் சம்மதமாகாது என்பது அவருக்குப் புரிந்ததால்தான், ஆசையைச் சொல்வதற்கு முன் அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவைக்கிறார். அந்த அளவில் படம் நேர்மையானது. ஆனால் கதவு எப்படித் திறந்தது என்று பாருங்கள். அவளுக்கு மறுக்கும் உரிமை இருந்ததால் அல்ல. ராஜா நல்லவனாக இருந்ததால். அதுவும் அவன் மனம் புண்பட்ட பிறகு. அவன் மனம் வேறு மாதிரி புண்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுத்தால் தனக்கு என்ன நடக்கும் என்பதை அவள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி மட்டுமே பயன்படுத்தக்கூடிய உரிமை உரிமையல்ல, சலுகை.

பதினாறு வயதில் நான் திறந்த கதவைப் பார்க்கவில்லை. அவள் முதலில் சொன்னதும் காதில் விழவில்லை. அவளுடைய ஆசை மட்டும் மனதில் தங்கியது. அது வெறும் சினிமா ரசனையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் நான் வெளி உறுப்பினராக இருந்தேன். ஓர் ஆய்வு மாணவி தன் கைடு மீது புகார் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் துறைக்கு வரச் சொல்லி அழைத்திருக்கிறார். போயிருக்கிறாள். எங்கள் முன்னால் அவளுடைய வாட்ஸப் உரையாடல்களின் நகல் இருந்தது. அவர் நல்ல கவிதைகள் அனுப்பியிருந்தார். அவள் சிரிப்புப் பொம்மைகள் அனுப்பியிருந்தாள். நான்தான் கேட்டேன்: "ஏம்மா, பிடிக்கலைன்னா ஏன் போனே?"

கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல்ல எனக்கு அவரைப் பிடிச்சிருந்தது மேடம்" என்றாள். அறையில் எல்லோரும் லேசாக மூச்சு விட்டதை நான் உணர்ந்தேன். நானும் விட்டேன். அவள் இன்னொன்றும் சொன்னாள்: "ஆனா அன்னைக்கு வேண்டாம்னுதான் இருந்தது. சினாப்சிஸ் அவர் மேசையில கையெழுத்தாகாம கிடந்தது."

அறிக்கையில் முதல் வாக்கியம் இடம்பெற்றது. இரண்டாவது இடம்பெறவில்லை. 'பரஸ்பர விருப்பத்தின் அடிப்படையிலான பழக்கம்' என்று எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் படித்தவள்தான். பாதிப்பு வரும் என்ற மறைமுக அச்சுறுத்தலையும், சலுகை தருவதாகச் சொல்வதையும் கணக்கில் எடுக்கும்படி அது சொல்கிறது. கையெழுத்தாகாத ஒரு காகிதத்தைவிட மறைமுகமான அச்சுறுத்தல் எது? ஆனால் அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது என்று கேட்டவுடன் எனக்கு அதே பழைய நிம்மதி வந்துவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு நாள், ஏனென்று தெரியாமல், இந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

இது புதிதாகக் கண்டுபிடித்த தவறல்ல என்பதுதான் என்னை அதிகம் வெட்கப்படவைத்தது. 1972இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்கிற ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்தில் வைத்து வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டதாக வழக்கு. வேறு வழியின்றிப் பணிவது சம்மதம் ஆகாது என்று சொல்லி மும்பை உயர் நீதிமன்றம் காவலர்களுக்குத் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவள் உடலில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அதைக் கண்டித்துத் திறந்த கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலர் போன்ற அதிகாரத்தில் இருப்பவர் தன் பொறுப்பில் இருக்கும் பெண்ணோடு உறவு கொண்டது நிரூபிக்கப்பட்டு, அவள் சம்மதிக்கவில்லை என்று சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்றானது. அந்தப் போராட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள்.

ஆனாலும் பத்சேபாளின் ஆசையை அழித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாது. அதைத்தான் வேதாகமத்தில் நாத்தான் தீர்க்கதரிசி செய்கிறார். தாவீதிடம் வந்து ஓர் உவமை சொல்கிறார். ஐசுவரியவானுக்கு நிறைய ஆடுகள். தரித்திரனுக்கு ஒரே ஓர் ஆட்டுக்குட்டி, மகளைப் போல் வளர்க்கிறான். வீட்டுக்கு வந்த வழிப்போக்கனுக்குச் சமைக்க ஐசுவரியவான் அந்தக் குட்டியைப் பிடித்துக்கொள்கிறான். தாவீது கோபத்தில் கொதிக்கும்போது, அந்த மனுஷன் நீயே என்கிறார். அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மை பேசியதற்கு உதாரணமாக இந்தக் காட்சியை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது நெஞ்சு நிமிரும். ஆனால் அந்த உவமையில் பத்சேபாள் யார்? ஆட்டுக்குட்டி. குற்றம் நடந்தது யாருக்கு எதிராக? ஆட்டின் சொந்தக்காரனுக்கு எதிராக. ஆட்டுக்குட்டியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இதைப் பழங்கால விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவின்படி, மற்றொருவன் மனைவியோடு அவள் கணவனின் சம்மதமில்லாமல் உறவு கொண்டால் ஐந்தாண்டு வரை சிறை. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை. அவள் விருப்பம் கணக்கிலேயே இல்லை. நாத்தானின் ஆட்டுக்குட்டி நம் சட்டப் புத்தகத்தில் 158 ஆண்டுகள் மேய்ந்தது. 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது.

தண்டனையையும் பாருங்கள். வேதாகமத்தில் பத்சேபாளின் குழந்தை சாகிறது. தாவீதின் மனைவிகள் பட்டப்பகலில் வேறொருவனுக்குக் கொடுக்கப்படுவார்கள் என்று நாத்தான் சொல்கிறார். பின்னால் மகன் அப்சலோம் கலகம் செய்து, அரண்மனை உப்பரிகையில் கூடாரம் போட்டு, தாவீதின் மறுமனையாட்டிகள் பத்துப் பேரிடம் எல்லோரும் அறியப் போகிறான். தாவீது திரும்பி வந்ததும் அந்தப் பத்துப் பெண்களையும் ஒரு வீட்டில் அடைத்து வைக்கிறான். சாகும்வரை உயிரோடிருக்கும் கணவனின் விதவைகளாக இருக்கிறார்கள். ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டதற்குத் தண்டனை, இன்னும் பத்துப் பெண்களை வேறொருவன் எடுத்துக்கொள்வது. பெண் ஆட்டுக்குட்டியாக இருக்கும் கணக்கில் இது சரியாகவே வருகிறது.

படம் இந்தப் பத்துப் பேரையும் விட்டுவிட்டது. பதிலுக்கு ஒரு வறட்சியைக் கொண்டுவந்தது. நாடு காய்கிறது, ஜனங்கள் பத்சேபாளைக் கல்லெறிந்து கொல்லக் கேட்கிறார்கள், தாவீது உடன்படிக்கைப் பெட்டியின் முன் மன்றாடுகிறான், மழை பெய்கிறது. அவள் உயிர் பிழைக்கிறாள். முதலில் அவனுடைய நல்ல குணம், கடைசியில் அவனுடைய ஜெபம்.

இப்படி நமக்கு இரண்டு பத்சேபாள்கள் கிடைக்கிறார்கள். ஒருத்திக்கு ஆசை உண்டு, ஆகவே ராஜாவுக்குக் குற்றம் குறைகிறது. இன்னொருத்திக்கு ஆசையே இல்லை, ஆகவே ராஜா குற்றவாளி, ஆனால் அவள் மனுஷியே அல்ல. எங்கள் குழுவின் முன் நின்ற பெண்ணுக்கு இந்த இரண்டு இடங்களைத்தான் நாங்கள் கொடுத்தோம். 'எனக்குப் பிடிக்கவே இல்லை' என்று சொல்லியிருந்தால் அவளை ஆட்டுக்குட்டியாக ஏற்றுக்கொண்டிருப்போம். அவள் உண்மையைச் சொன்னாள். அதனால் தோற்றாள்.

அவளுக்கும் பத்சேபாளுக்கும் மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஆசை இருக்கலாம், அது அவளுடையது. அது உப்பரிகையில் நிற்பவனைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. விசாரிக்க வேண்டியது, அவள் மறுத்திருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை. அந்தப் பதில் அவன் கையில் மட்டும் இருந்தது என்றால், பொறுப்பும் அவனுடையதுதான்.

அப்படியானால் அதிகாரத்தில் இருப்பவரை ஒரு பெண் காதலிக்கவே கூடாதா என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. காதலிக்கலாம். ஆனால் அந்தக் காதலைத் தடையில்லாமல் ஆக்கவேண்டிய வேலை அவருடையது. கைடு வேறொரு நெறியாளரிடம் அவளை மாற்றிக்கொடுத்திருக்கலாம். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்த பிறகு பேசியிருக்கலாம். பேசாமலே இருந்திருக்கலாம். தாவீதுக்கும் அந்தச் சாயங்காலம் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. உரியாவின் மனைவி என்று பதில் வந்ததற்கும் ஆள் அனுப்பியதற்கும் இடையில்.

பிற்பாடு, ராஜாக்களின் முதலாம் புத்தகத்தில், பத்சேபாள் நிறையப் பேசுகிறாள். கிழவனாகிவிட்ட தாவீதின் அறைக்குள் போய், நீங்கள் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, மகன் சாலொமோனைச் சிங்காசனத்தில் ஏற்றுகிறாள். மகன் தன் வலதுபுறத்தில் அவளுக்கு ஆசனம் போடுகிறான். முதல் சாயங்காலத்தைப் பற்றி அங்கேயும் அவள் ஒன்றும் சொல்வதில்லை. அது சம்மதத்தின் மௌனமா என்று இப்போதெல்லாம் நான் யோசிப்பதில்லை. நான் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல.

அந்த ஆய்வு மாணவி படிப்பை விட்டுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அவளுக்குக் கடிதம் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். என் மனதை ஆற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறேனோ என்ற சந்தேகத்தில் அனுப்பவில்லை. இப்போதும் அது சரியா என்று தெரியவில்லை.

வேறொரு கல்லூரியின் குழுவில் இப்போது இருக்கிறேன். போன வருடம் ஒரு புகார் வந்தது. புகார் கொடுத்தவள் வாசலில் காத்திருந்தாள். உறுப்பினர் ஒருவர், "முதல்ல அவளைக் கூப்பிட்டு ஏன் போனான்னு கேட்டுடலாமே" என்றார்.

"முதல்ல அவரைக் கூப்பிடுங்க. அவ வரலைன்னா என்ன செய்வதா இருந்தாருன்னு கேட்கணும்" என்றேன்.